சின்யோராவின் முதுகும் எங்கள் உள்ளங்கால்களும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் கையொப்பம் வைக்கத்தான். பெரிய 'ற' வரவேண்டிய இடத்தில் சின்ன 'ர' வந்திருந்தால் ஆண்டு மலரை அச்சடிப்பவர்கள் திருத்திக்கொள்ளவும். ளகர ழகரங்களையும் அவர்கள் பொறுப்பிலேயே விடுகிறேன்.

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். என்னோடு ஒரே அறையில் இருக்கும் பொடியன் குணத்துக்கு அது தெரியும். "அண்ணை, நீங்கள் கதைக்க மாட்டியள். எழுதியாவது தாங்கோ. சங்கத்தின்ரை ஆண்டு மலரிலை போடுவம். உந்த விசயம் எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லி, கொப்பியையும் பேனையையும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஆகையால் குற்றமெல்லாம் அவனுடையது.

நான் மன்னார்க்காரன். இப்போது ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில், சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவுகிறேன். ஓகஸ்ட் மாதம் மூன்று கிழமைக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள். இம்முறை நித்திரை கொண்டே கழிப்பதாக முடிவெடுத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து இத்தாலியில் பலெர்மோவிலிருந்து என் தங்கை ரெஜினா போன் எடுத்தாள். அவளுடைய கணவன் சூசை கால் முறிந்து கிடக்கிறானாம்.

"என்னெண்டு முறிஞ்சது?"

"சின்யோராவுக்குக் கடல்முள்ளு எடுத்துக் குடுக்கப் போய்ப் பாறையிலை வழுக்கினவர். அண்ணை, ரெண்டு கிழமைக்கு வந்து அவரின்ரை வேலையைப் பிடியுங்கோ. இல்லாட்டில் வேறை ஆள் பூந்திடும்."

கடல்முள்ளு என்றால் பாறையில் ஒட்டியிருக்கும் முள்ளுருண்டை; இத்தாலிக்காரர் அதை உடைத்து உள்ளே இருப்பதைப் பச்சையாகத் தின்பார்கள். பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் வீட்டுவேலைதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வருத்தமாய்ப் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ, அந்த இடம் ஒரு நாள்கூடக் காலியாகக் கிடக்கக்கூடாது. தம்பியோ மச்சானோ யாரோ ஒரு சொந்தக்காரன் போய் நிற்பான். வேலை போனால் வேலை மட்டும் போகாது. பெர்மெசோ என்று சொல்லும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வீட்டுக்காரர் கடிதம் தரவேண்டும். ரெஜினா, சூசை இருவருமே அந்த ஒரு வீட்டில்தான் வேலை. வருகிற கார்த்திகையில் இருவருக்கும் அனுமதி முடிகிறது. கடிதம் எழுத வேண்டியவர் சின்யோரா. சின்யோரா என்றால் வீட்டு அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தில் இறங்கினேன். வெளியே காலை வைத்ததும் குசினி அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. ரெஜினா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"ஏன் பிள்ளை குடை?"

"கறுத்துப்போவன், அண்ணை."

"எனக்கு?"

"உங்களுக்கு இனிக் கறுக்க என்ன மிச்சம் கிடக்கு? வாங்கோ."

வழியில் வுச்சீரியாச் சந்தையில் பாணுக்குள் ஏதோ இறைச்சியை வைத்து வாங்கித் தந்தாள். வழவழவென்று நன்றாக இருந்தது. இரண்டாவதையும் தின்று முடித்த பிறகு, அது மாட்டின் மண்ணீரல் என்று சொன்னாள். அதற்குப் பிறகு கடலைமாவைக் கிண்டித் தட்டையாக வெட்டிப் பொரித்த பலகாரத்தையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாவுக்குள் கொஞ்சம் செத்தல் மிளகாய் இடித்துப் போட்டால் ஊர்ச் சாப்பாடுதான்.

சூசை முழங்கால் வரை மாக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தான். படுத்தபடியே எனக்கு வேலை பழக்கினான். காலையில் மொண்டெல்லோ கடற்கரைக்கு பஸ் எடுக்க வேண்டும். அங்கே சின்யோரா குடும்பம் கோடைக்கு ஒரு மரக் கொட்டில் வாடகைக்கு எடுத்திருக்கிறது. கதிரை விரிக்க வேண்டும், குடை நடவேண்டும், கோப்பி ஊற்ற வேண்டும், பழம் வெட்ட வேண்டும்.

"முக்கியமான ஒண்டு, மச்சான். சின்யோரா வெயிலிலை படுத்தாவெண்டால் நீங்கள் கடலைப் பாருங்கோ. கடலை மட்டும் பாருங்கோ. எட்டு வருசமா நான் அப்பிடித்தான் நிண்டனான்."

எனக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. நான் நாற்பத்தாறு வயதிலும் பஸ்ஸில் பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் நின்றே பயணம் செய்கிற ஆள்.

திங்கட்கிழமை கடற்கரையைக் கண்டதும் நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டேன். மன்னாரில் சண்டை எங்களை ஊரைவிட்டு எழுப்பும்வரை நான் செய்த தொழில் கருவாடு போடுவது. மீனைப் பிளந்து, உப்பிட்டு, பாயில் வரிசையாகப் பரப்பி, நேரம் பார்த்துத் திருப்பிப் போடுவோம். மொண்டெல்லோவிலும் அதே வரிசை, அதே பாய். நாங்கள் உப்புப் போடுவோம், இவர்கள் எண்ணெய் போடுகிறார்கள். அதுதான் வித்தியாசம். எங்கள் பெண்கள் ஒரு சொட்டு வெயில் படாமல் குடைக்குள் ஓடி ஒளிகிறார்கள். இவர்களோ நல்ல வெள்ளைத் தோலைக் கொண்டுவந்து காசு கொடுத்து வறுக்கிறார்கள். கடவுளால் எவரையும் திருப்திப்படுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டில்களின் நிழலில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு. தூரத்தில் பார்ப்பவர்கள், ஏதோ கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

சின்யோராவுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டத்தரணியின் மனைவி. சாதாரணமாகக் கதைத்தாலும் சண்டை பிடிப்பதுபோல் இருக்கும். என்னைக் கூப்பிட்டுக் கைமணிக்கூட்டில் அரை மணித்தியாலத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையைத் தோசை திருப்புவதுபோல் திருப்பினார். அரை மணித்தியாலத்தில் எழுப்பு, மறுபக்கம் படுக்க வேண்டும் என்று அர்த்தம். மொழி தெரியாவிட்டாலும் இந்தத் தொழில் எனக்குத் தெரியும்.

ஆனால் மீனை எழுப்ப வேண்டியதில்லை.

அரை மணித்தியாலம் போனது. சின்யோரா குப்புறப் படுத்து லேசாகக் குறட்டை விட்டார். நான் கடலைப் பார்த்தபடி "சின்யோரா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. இருமினேன். தூரத்தில் ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. தோளைத் தட்டலாம்தான், என்னைக் கொன்றாலும் அது நடக்காது. யோசித்துப் பார்த்தேன். குடையைப் பிடுங்கி, அவருக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். தானாக எழும்பும்வரை தீயாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு பிடித்ததால் நிழல் பாதிக்குத்தான் விழுந்திருக்கிறது.

அன்று மாலை ரெஜினாவுக்குப் போன் வந்தது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, சின்யோராவை ரெண்டு நிறமாக்கிப்போட்டியளாம். ஒரு கால் வெள்ளையாம், ஒரு கால் சிவப்பாம். சினேகிதிமார் சிரிக்கினமாம்."

கட்டிலில் கிடந்த சூசை சிரித்த சிரிப்பில் மாக்கட்டு சுவரில் இடித்தது. பிறகு அவனே வலியில் முனகினான்.

செவ்வாய்க்கிழமை சின்யோரா வீட்டிலிருந்து ஒரு கைமணி கொண்டுவந்தார். வேலைக்காரரைக் கூப்பிட மேசையில் வைக்கிற வெள்ளி மணி. அதை என் கையில் தந்து, இதை ஆட்டு என்று காட்டினார். நான் சின்ன வயதில் கோயிலில் பூசைக்கு மணி அடித்தவன். பழக்கதோஷத்தில் அதே மாதிரி மூன்று தரம் அடித்தேன். பக்கத்துக் கொட்டிலில் வெயில் காய்ந்த ஒரு முதிய அம்மா கண்ணைத் திறக்காமலே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சின்யோரா எழும்பவில்லை. கொஞ்சம் கிட்டப் போய் அடித்தேன். அப்போதும் இல்லை. இன்னும் கிட்டப் போனேன். அந்த இடத்தில்தான் என் கண் கடலை விட்டு இறங்கியது.

வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் இருபது வருஷம் கருவாடு தெரிந்தெடுத்தவனின் கண் அது. ஆயிரம் மீன் பரப்பிக் கிடந்தாலும், நிறம் மாறின ஒன்று கிடந்தால் கண் நேரே அங்கேதான் போகும். அதை உடனே எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். சின்யோராவின் முதுகில் பயறு பயறாக நிறைய மச்சங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மண்ணிறம். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒன்று மட்டும் வேறு சாதி. புளியங்கொட்டைப் பாதியளவு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம் கலந்த சாம்பல். ஓரம் பூச்சி அரித்த கடதாசிபோல் இருந்தது.

சின்யோரா எழும்பித் திரும்பிப் படுத்தார். நான் ஓடிப்போய்க் கடலைப் பார்த்தேன்.

புதன்கிழமை நான் பிழையான பஸ்ஸில் ஏறினேன். நகரத்தின் மறுமுனையில், கடல் மணக்கவே மணக்காத ஓர் இடத்தில், சாரதி என்ஜினை நிற்பாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். சுற்றிலும் ஆரஞ்சுபோல் தோடை இனத்து மரங்கள். காய்கள் எல்லாம் பச்சை. அந்த இடத்துக்குப் பெயர் சியாகுல்லி என்று பிறகு ரெஜினா சொன்னாள்.

பஸ் திரும்பிப் போக ஒரு மணித்தியாலம் ஆகும். தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு கிழவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். அந்த வெயிலில் நீளக்கைச் சட்டை, கழுத்தில் துணி, பெரிய தொப்பி. வேலைக்கு வெயிலில் நிற்பவர் மூடிக்கொண்டு நிற்கிறார். நிற்கத் தேவையில்லாதவர்கள் மொண்டெல்லோவில் திறந்துபோட்டுப் படுத்திருக்கிறார்கள். அவர் எனக்குத் தக்காளி ஒன்று தந்தார். பிறகு வேர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். இடது காதின் மேல்பாதி இல்லை.

நான் பார்த்ததை அவர் கண்டுவிட்டார். வெட்கப்படவில்லை. முதலில் சூரியனைக் காட்டினார். பிறகு காதில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக் காட்டினார். பிறகு விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று வருஷங்களை எண்ணி, ஒவ்வொரு வருஷத்துக்கும் தோளைக் குலுக்கினார். கடைசியில் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் ஆக்கி, 'சக்' என்றார். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஐந்து தோள்குலுக்கல்தான் எனக்குள் நின்றது.

மொண்டெல்லோ போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. குடை நட ஆளில்லாமல் சின்யோரா அவித்த இறால் நிறத்தில் கிடந்தார். அதிலே அவருக்குச் சந்தோஷம். என்னை ஏசவே இல்லை. அவர் குளிக்கப் போன பிறகு வெள்ளைத் துவாயை உதறி மடித்தேன். இடது தோள் பட்ட இடத்தில் கடுகளவு இரத்தம் இருந்தது.

வியாழன் பின்னேரம் சூசையின் கால் நோவுக்கு மாத்திரை வாங்க ரெஜினாவோடு மருந்துக்கடைக்குப் போனேன். சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. மேலே சூரியன், கீழே இரண்டு வரிசையாக மச்சங்கள். ஒரு வரிசைக்குப் பச்சைக் கோடு. மற்ற வரிசைக்குச் சிவப்புக் கோடு. சிவப்பு வரிசையில் மூன்றாவது படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சின்யோராவின் முதுகில் இருந்து எடுத்து ஒட்டியதுபோல் இருந்தது.

"பிள்ளை, இதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

ரெஜினா தயங்கித் தயங்கி வாசித்தாள். "கன வெயிலிலை கிடந்தால் தோலிலை புற்றுநோய் வருமாம். மச்சத்தின்ரை ஓரம் நெளிஞ்சிருந்தால், ரெண்டு மூண்டு நிறம் இருந்தால், பென்சில் அடிக்கட்டையை விடப் பெருத்தால், மாறினால், இரத்தம் வந்தால் உடனை டொக்டரிட்டைக் காட்டட்டாம். முந்தி வெட்டினால் சுகமாம். பிந்தினால் உடம்புக்கு உள்ளுக்கை ஓடிடுமாம்." பிறகு மாத்திரையைப் பைக்குள் போட்டாள். "உது வெள்ளையளுக்கு, அண்ணை. எங்கடை தோலுக்கு வராது."

மருந்துக்கடைப் பெண் என்ன என்று கேட்டார். ரெஜினா சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டி, நீளமாக ஏதோ கதைத்து, தன் சப்பாத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அந்தப் படம் போட்ட சின்னத் தாள் ஒன்றையும் தந்தார்.

"என்னவாம்?"

"எங்களுக்குக் குறைவாம், ஆனால் வருமாம். உள்ளங்கையிலை, உள்ளங்காலிலை, நகத்துக்குக் கீழை பாக்கட்டாம். ஆருக்கு உள்ளங்காலைப் பாக்க நேரம் கிடக்கு?"

வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

ரெஜினாவின் கை சோற்றுச் சட்டியிலேயே நின்றது. "சின்யோராவின்ரை முதுகைப் பாத்தனிங்களோ?"

"மணி அடிக்கேக்கை பட்டுது."

"எட்டு வருசம்," என்றான் சூசை கட்டிலில் இருந்து. "எட்டு வருசத்திலை நான் அந்த முதுகைக் காணேல்லை. நீங்கள் ரெண்டாம் நாளே கண்டுபோட்டியள். உங்களைப் பால் குடியாத பூனை எண்டெல்லோ நினைச்சனான்."

"பகிடி விடாதை. அவவுக்குச் சொல்லவேணும்," என்றேன்.

"ஆர் சொல்லுறது?" என்றாள் ரெஜினா. "என்னெண்டு சொல்லுறது? என்ரை அண்ணன் உங்கடை முதுகை வடிவாப் பாத்தவர், அது சரியில்லையாம் எண்டோ? பிறகு கார்த்திகையிலை கடிதம் உங்கடை கையாலையோ எழுதுவியள்?"

"அவவின்ரை மனுசன் காணாமலோ இருப்பார்?" என்று கேட்டேன்.

"அவர் பேப்பரைத் தவிர ஒண்டையும் காணார். அண்ணை, இன்னும் ஒரு கிழமை. பேசாமல் கடலைப் பாருங்கோ."

அவள் சொன்னதிலும் பிழையில்லை. என்னுடைய இரண்டு கிழமைக்காக அவர்களுடைய எட்டு வருஷத்தைக் கொட்டிவிட முடியாது. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கிழவர் விரலை மடக்கி மடக்கித் தோளைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை சின்யோரா ஒரு கமரா கொண்டுவந்தார். சினேகிதிகளோடு கோப்பி குடிப்பதுபோல், கடலில் நிற்பதுபோல், என்னைக் கொண்டு படம் எடுப்பித்தார். எங்கே அமத்துவது என்று அவரே காட்டித் தந்தார். பிறகு கமராவை என்னிடமே விட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார். சினேகிதிகள் நீந்தப் போனார்கள். கமராவின் முதுகில் இருந்த சின்னக் கண்ணாடியில் இலக்கம் முப்பத்தாறு. கடைசிப் படம்.

சின்யோரா தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. என்னால் சொல்ல முடியாது. ரெஜினா சொல்ல மாட்டாள். கமராவுக்கு வெட்கமும் இல்லை, பெர்மெசோவும் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்த்தேன். நின்றார்கள். அந்தோனியாரை நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒரு முழத்துக்குக் கிட்டப் போய் அமத்தினேன்.

படம் முடிந்தால் கமரா தானாகவே சுருளைச் சுற்றும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. அது என் கையில் வண்டு பிடித்ததுபோல் இரையத் தொடங்கியது. நிற்பாட்டத் தெரியவில்லை. நெஞ்சோடு அணைத்தேன். இன்னும் பலமாக இரைந்தது. மணி அடித்தும் எழும்பாத சின்யோரா அதற்கு எழும்பிவிட்டார். அவர் தலைமாட்டில் நான், நெஞ்சில் அழுகிற கமராவோடு. எனக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல் வாயில் வந்தது. "பினீதோ," என்றேன். முடிந்தது என்று அர்த்தம். அவர் கமராவை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு மறுபக்கம் படுத்தார். உண்மையிலேயே எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனம் செய்து, செய்ததைப் பாதரிடம் சொல்லிவிடலாம் என்று வரிசையில் நின்றேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் மன்னார் ஆட்கள். பாதர் கொஞ்சம் காது மந்தம், "என்ன, பிலத்துச் சொல்லும்" என்று கேட்கிற ஆள். வரிசையை விட்டு விலகி, வெளியே வந்து நின்றேன்.

திங்கள் பின்னேரம் என்னையும் ரெஜினாவையும் சின்யோரா வீட்டு விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள். சட்டத்தரணி மேசையில் இருந்தார். அவருக்கு முன்னால், கழுவக் கொடுத்து வந்த படங்கள் பரப்பிக் கிடந்தன. சின்யோரா கையைக் கட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றார். சட்டத்தரணி ஒரு படத்தை மட்டும் எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். முழுக்க முழுக்க முதுகு. நான் எடுத்த முப்பத்தாறிலும் ஆடாமல் அசையாமல் விழுந்தது அது ஒன்றுதான்.

"இதை எடுத்தது ஆர் எண்டு கேக்கிறார்," என்றாள் ரெஜினா. "அண்ணை, ஐயோ, என்ன வேலை செய்தனிங்கள்."

சேட்டுப் பையிலிருந்து மருந்துக்கடைத் தாளை எடுத்தேன். நாலாக மடித்து நாலு நாளாக அங்கேதான் கிடந்தது, வேர்வையில் ஊறியிருந்தது. படத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்தேன். சிவப்பு வரிசை மூன்றாவதில் ஒரு விரல். படத்தில் ஒரு விரல். பிறகு துவாயில் இரத்தம் கண்டதை ரெஜினாவுக்குச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே அதை இத்தாலிய மொழியில் சொன்னாள்.

சட்டத்தரணி கண்ணாடியைப் போட்டார். படத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி, மனைவியிடம் மெதுவாக ஒரு சொல் சொன்னார். சின்யோரா எங்களைக் காட்டி ஏதோ கத்தினார். அவர் அதே சொல்லை மறுபடியும் சொன்னார். சின்யோரா முதுகு அவருக்குத் தெரியத் திரும்பி நின்றார். நானும் ரெஜினாவும் வேறு வழியில்லாமல் சுவரில் தொங்கிய ஒரு படத்தைப் பார்த்தோம். நல்லவேளை, அது கடல் படம்.

அன்றைக்கே தோல் வைத்தியரைத் தேடினார்கள். மாதா திருநாள் கிழமை. பலெர்மோவில் அந்தக் கிழமை ஒரு கடை திறக்காது, ஒரு போன் எடுபடாது. கடைசியில் ஒரு பெரிய தோல் வைத்தியர் அகப்பட்டார். எங்கே என்றால், மொண்டெல்லோவில், எங்கள் கொட்டிலில் இருந்து நாலாவது கொட்டிலில். காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாளை வைத்திருந்தவன் என்பதால் என்னையும் ஏற்றினார்கள். வைத்தியர் சின்னக் காற்சட்டையோடு, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, சந்தனக்கட்டை நிறத்தில், கடைசி வெயிலுக்கு முகத்தைக் காட்டிப் படுத்திருந்தார்.

அங்கேயே மணலில் நின்று பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடிபோல் பிடித்துப் பார்த்தார். பிறகு நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா என்றார். அதைச் சொல்லிவிட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் கதிரையை இழுத்து நிழலில் போட்டார்.

செவ்வாய் வெட்டினார்கள். வெட்டியதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுமொழி வர மூன்று கிழமையாகும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவரும் பலத்துக் கதைக்கவில்லை. சின்யோராகூட. கடற்கரையும் இல்லை, மணியும் இல்லை. நான் வீட்டில் யன்னல் துடைத்தேன்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, சின்யோரா வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். எட்டு வருஷத்தில் முதல் தடவை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது. கையில் ஒரு மேசை விளக்கும் பூதக்கண்ணாடியும். எங்கள் மூவரையும் பார்த்து ஒரு கட்டளை போட்டார்.

"சப்பாத்தைக் கழட்டட்டாம்," என்றாள் ரெஜினா.

"ஏன்?"

"டொக்டர் சொன்னவராம். எங்கடை ஆக்களுக்கு வந்தால் உள்ளங்காலிலைதான் கூட வருமாம். ஒருத்தரும் பாக்காததாலை பிந்தித்தான் பிடிபடுமாம். தானே இண்டைக்குப் பாக்கப் போறாவாம்."

எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. என் காலுறையில் இரண்டு ஓட்டை. அதை எவருக்கும் காட்டியதில்லை. நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். சின்யோரா என்னை ஒரு பார்வை பார்த்து, தன் முதுகைக் கட்டைவிரலால் காட்டினார். நான் காட்டியாகிவிட்டது, இனி உன் முறை என்று. காலை நீட்டினேன். அவர் நிலத்தில் குந்தி, விளக்கைப் பிடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தார். எனக்குக் கூச்சமும் கிச்சுக்கிச்சும் ஒன்றாக வந்து கண்ணீர் ஓடியது. கடலைப் பார்க்கலாம் என்றால் அந்த அறையில் யன்னல்கூட இல்லை.

எனக்கு ஒன்றுமில்லை. ரெஜினாவுக்கும் ஒன்றுமில்லை. சூசைக்கு ஒரு காலில் ஒன்றுமில்லை. மற்றதில் மாக்கட்டு. சின்யோரா கைப்பையிலிருந்து ஒரு கொப்பி எடுத்து எதையோ எழுதினார்.

"'ஒரு கால் பாக்கி' எண்டு எழுதுறா," என்றான் சூசை.

நான் திரும்பி வந்த பிறகு ரெஜினா இரண்டு தடவை போன் எடுத்தாள். முதல் தடவை, மறுமொழி வந்துவிட்டது என்று. புற்றுநோய்தான். ஆனால் மேலோட்டமாக நின்றிருக்கிறது, முழுதாக எடுத்தாயிற்று, இனி அடிக்கடி காட்டினால் போதும். அடுத்த கோடை வரை விட்டிருந்தால் வேறு கதை என்று வைத்தியர் சொன்னாராம். சின்யோரா இப்போது ரெஜினாவை விடப் பெரிய குடை பிடிக்கிறாராம். பெர்மெசோக் கடிதத்தை ஒருவரும் கேட்காமலே எழுதித் தந்துவிட்டாராம்.

இரண்டாவது தடவை, மாக்கட்டு வெட்டின அன்று. சின்யோரா பூதக்கண்ணாடியோடு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருக்கிறார். சூசையின் உள்ளங்காலில், குதிக்காலுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. சின்யோரா அவனை நொண்ட நொண்ட அந்தத் தோல் வைத்தியரிடமே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் பார்த்து, ஊசியால் குத்தி, அதை வெளியே எடுத்திருக்கிறார். கடல்முள்ளின் முள். பாறையில் வழுக்கினபோது ஏறி, மாக்கட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. சின்யோரா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் தனக்குக் கடல்முள்ளே வேண்டாம் என்றாராம்.

இப்போது நான் ஞாயிறுதோறும் குளித்த பிறகு என் உள்ளங்காலையும் நகங்களையும் பார்க்கிறேன். முதுகுதான் பிரச்சினை. சவரக் கண்ணாடியையும் குளியலறைக் கண்ணாடியையும் வைத்துப் பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. குணத்திடம் கேட்கலாம் என்று மூன்று கிழமையாக நினைத்தேன். வாய் வரவில்லை. கடைசியில் இதையெல்லாம் இதுவரைக்கும் எழுதி, கொப்பியை அவன் தலையணையில் வைத்தேன்.

இன்று காலை வாசித்து முடித்தான். என்னைப் பார்த்தான். எழும்பி யன்னல் திரையை விலக்கினான். "கழட்டுங்கோ சேட்டை," என்றான். கழற்றினேன். மேலிருந்து கீழாக, மெதுவாகப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு, அண்ணை. வேறை சாதி ஒண்டுமில்லை."

பிறகு தன் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

"இப்ப நீங்கள் பாருங்கோ," என்றான். "கடலைப் பாக்காதேங்கோ."

1996 செப்ரெம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை.